சின்னவனுக்குத் தனி அளவு

எங்கள் துப்பாக்கி ஆலையில் குளிர்பதனம் வைத்த அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மேலாளர் அறை என்று நினைத்தால் தப்பு. உதிரி பாகங்களை அளந்து பார்க்கும் அறை. இரும்பு சூட்டில் நீளும், குளிரில் சுருங்கும் என்பதால் வெளியே கொளுத்தினாலும் கொட்டினாலும் அங்கே எப்போதும் இருபது டிகிரி. வெயில் காலம் வந்தால் ஆலையில் பாதிப் பேருக்கு அந்த அறையில் திடீர் திடீரென்று வேலை முளைத்துவிடும். ஒருவர் கையில் இருக்கும் ஸ்கேல் சரியாக இருக்கிறதா என்று கேட்க வருவார். இன்னொருவர் சட்டைப் பையில் பேனாவை வைத்துக்கொண்டே பேனாவைத் தேடி வருவார். அந்த அறைக்குச் சொந்தக்காரி யாரையும் விரட்டமாட்டாள். "கதவைச் சாத்திட்டு நில்லுங்க, குளிர் போகுது" என்பதோடு சரி.

அவளுக்கு ஆலையில் மைக்ரான் என்று பெயர். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக நறுக்கினால் அதில் ஒன்றுதான் மைக்ரான். வரைபடத்தில் சொன்ன அளவைவிட ஐந்து மைக்ரான் கூடினாலும் சாமானைத் திருப்பி அனுப்பிவிடுவாள். குழல் பிரிவு ஃபோர்மேன் ஒருநாள் எரிச்சலில், "மைக்ரான், மைக்ரான்னு உயிரை வாங்காதம்மா!" என்று கத்தினார். அன்று மாலைக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. "என் சொந்தப் பேரைவிட இது சின்னதா, அழகா இருக்கு" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். நாற்பத்தாறு வயது. ஒல்லி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கைச்சூட்டில் இரும்பு நீண்டுவிடும் என்று எதையும் துணி உறை போட்டுத்தான் தொடுவாள்.

நான் அப்போது கடிதப் பிரிவில் இருந்தேன். ஆலைக்கு வரும் பாராட்டு, புகார், வசவு எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் உள்ளே போகும். அதனால்தான் இந்த விஷயம் ஆதியோடந்தமாக எனக்குத் தெரியும்.

முப்பது வருடமாக எங்கள் ஆலை ராணுவத்துக்கு ஒரே ஒரு ரகத் துப்பாக்கியைத்தான் செய்துகொண்டிருந்தது. பிறகு, லைசென்ஸ் வைத்திருக்கும் பொதுமக்களுக்கும் அதையே கொஞ்சம் மாற்றி விற்கலாம் என்று மேலிடத்தில் முடிவானது. இலக்குச் சுடும் போட்டிக்குப் போகிறவர்கள், பயிரைப் பன்றியிடமிருந்து காப்பாற்றுகிறவர்கள், இவர்களுக்காக. மாற்றம் என்றால் பெரும்பாலும் கழித்தல்தான். விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்து பொழியும் அமைப்பு கிடையாது. ஒரு அழுத்துக்கு ஒரு குண்டு. முனையில் கத்தி மாட்டும் கொக்கி கிடையாது. சுடும்போது தெறிக்கும் நெருப்பை மறைக்கும் குப்பி கிடையாது. மடக்கும் பின்கட்டைக்குப் பதில் மடங்காத மரக்கட்டை. முப்பது தோட்டாப் பெட்டிக்குப் பதில் ஐந்து தோட்டாப் பெட்டி. ஆட்கள் ராணுவத் துப்பாக்கிக்குப் பெரியவன் என்றும் இதற்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்தார்கள். விளம்பரத் தாளில் "வீரர்களின் கையில் இருக்கும் அதே துப்பாக்கி" என்று போட்டார்கள். அந்த 'அதே'தான் பின்னால் வம்பாகப் போகிறது என்று அச்சடித்தவருக்கு எங்கே தெரியும்.

மைக்ரானின் கணவர் பெரியவனை இருபது வருடம் தோளில் சுமந்தவர். ராணுவத்திலிருந்து வந்தபின் நகராட்சித் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். சின்னவனின் முதல் தொகுதி தயாரானதும், பழைய வீரர்கள் சிலரைக் கூப்பிட்டு ஆலையின் சுடுதளத்தில் சுட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அவரும் வந்தார். கீழே படுத்து, கட்டையைத் தோளில் வைத்து, பக்கத்திலிருந்த சின்ன நெம்பைக் கட்டைவிரலால் தள்ளினார். பெரியவனில் அந்த நெம்புக்கு மூன்று நிலை: பூட்டு, ஒற்றை, தொடர். இதில் இரண்டுதான். அவர் விரல் பழக்கத்தில் மூன்றாவதைத் தேடிப் போய் இடித்துக்கொண்டது. மறுபடி தள்ளினார். மறுபடி இடித்தது.

"என்னம்மா இது, படியிறங்கும்போது கடைசிப் படி இல்லாத மாதிரி இருக்கு!" என்றார் மனைவியைப் பார்த்து.

"ரெண்டு படிதான். எறங்கியாச்சு, சுடுங்க."

ஐந்து குண்டு சுட்டுவிட்டு எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா பல்லைப் புடுங்கின பாம்பு."

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பக்கத்து ஊர்ப் பல் டாக்டர். இருபது வருடமாக இலக்குச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர். சின்னவனை வாங்கியிருக்கிறார். நூறு மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால், ஐந்தும் ஒரு நாணயத்துக்குள் விழவேண்டாம், ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள்ளாவது விழவேண்டுமே, உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகிறதே என்று மரியாதையாக எழுதியிருந்தார். கூடவே துப்பாக்கியும் முறைப்படி வந்து சேர்ந்தது.

மைக்ரான் அதைப் பிரித்து, ஒரு பகல் முழுக்க இருபது டிகிரியில் ஆறவைத்து, தலை முதல் கால் வரை அளந்தாள். எல்லாம் வரைபடத்தில் சொன்ன எல்லைக்குள். 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் திருப்பி அனுப்பினோம்.

மூன்றே வாரம். மறுபடி துப்பாக்கி வந்தது. இந்த முறை கடிதத்தில் ஒரே வரி: 'உங்கள் அளவு சரி, துப்பாக்கிதான் தப்பு.'

நான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். அன்றைக்கு வழக்கமாகக் குளிர் காய வருகிற, அதாவது குளிர் வாங்க வருகிற கூட்டம் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வெளியே நழுவினார்கள். அவள் கையெழுத்துப் போட்ட சாமான் இரண்டாம் தடவை திரும்பி வந்தது அதுதான் முதல் முறை.

வீட்டில் கணவர்தான் சிரித்தாராம். "நான் பல்லைப் புடுங்கின பாம்புன்னு சொன்னேன், இப்போ பல்லைப் புடுங்குறவங்களே புகார் குடுக்குறாங்க பாரு!" அவள் சிரிக்கவில்லை. சாப்பிடும்போதும் யோசனையாகவே இருந்தாள். மறுநாள் காலை என்னிடம் வந்து, "அந்த டாக்டரை ஒருநாள் வரச்சொல்லி எழுதுங்க. எதிர்ல உட்கார்ந்து கேட்டுக்குறேன்" என்றாள்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. கட்டையான உருவம், பெரிய கைப்பை. சண்டைக்கு வருவது போலத்தான் வந்தார். அளவு அறைக்குள் நுழைந்ததும் முகம் கொஞ்சம் தளர்ந்தது. "அடேயப்பா, எங்க கிளினிக்கைவிடச் சுத்தமா இருக்கே!" என்றார்.

"உட்காருங்க டாக்டர். நான்தான் கையெழுத்துப் போட்டவ. தப்பு எங்கன்னு எனக்குத் தெரியல. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

வாதாட வந்தவருக்கு இது எதிர்பாராதது. கைப்பையை மேசையில் வைத்தார். "தோட்டா போய் உட்காருற இடத்தை எப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்டார்.

மைக்ரான் இரண்டு எஃகு உருளைகளைக் காட்டினாள். குழலின் பின்பக்கத்தில் தோட்டா உட்காரும் அறைக்குள் ஒன்று நுழையவேண்டும், மற்றது நுழையக் கூடாது. முதலாவது நுழைந்து இரண்டாவது நுழையாவிட்டால் அறை தேறிவிட்டது என்று அர்த்தம்.

"அதாவது பாஸா ஃபெயிலான்னுதான் தெரியும். எத்தனை மார்க்குன்னு தெரியாது."

"தெரியாது" என்று ஒத்துக்கொண்டாள் மைக்ரான்.

"நான் பல்லுக்குத் தொப்பி போடறவ. பல்லைக் குச்சி விட்டுப் பார்த்துட்டுத் தொப்பி செஞ்சா ஒரு மாசத்துல ஆடிக்கிட்டு வந்து நிப்பாங்க. நாங்க அச்சு எடுப்போம். மாவு மாதிரி ஒண்ணு, நாலு நிமிஷத்துல ரப்பரா இறுகிடும். பல்லுல இருக்குற கீறல்கூட அதுல விழும்." சொல்லிக்கொண்டே கைப்பையைத் திறந்தார். உள்ளே அந்த மாவு இருந்தது. சண்டைக்கு வந்தவர் ஏன் அதை எடுத்து வந்தார் என்று பிறகு கேட்டோம். பையிலிருந்து அதை எடுத்து வைக்கவே மாட்டாராம், அவ்வளவுதான்.

எண்ணெய் தடவி, முன்னால் ஒரு துணியை அடைத்து, தோட்டா அறைக்குள் மாவை அப்பினார்கள். நாலு நிமிடம் இரண்டு பேரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். குழலின் முன்பக்கமிருந்து குச்சியால் தள்ளியதும் நீல நிறத்தில் ஒரு ரப்பர்த் தோட்டா வழுக்கிக்கொண்டு வந்தது. மைக்ரான் அதை உறை போட்ட கையில் வாங்கி, நிழலை இருபது மடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டும் கருவியில் வைத்தாள். பக்கத்தில் உண்மையான தோட்டா. இரண்டு நிழல்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தினாள். நடுவே வெள்ளையாக ஒரு சந்து தெரிந்தது. சுற்றிவர ஒரு தலைமுடிப் பருமன்.

"ஆடுது" என்றார் டாக்டர்.

ஆடத்தான் ஆடியது. அவ்வளவு இடம் இருந்தால் தோட்டா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து படுக்கும். குண்டு குழலுக்குள் நேராக நுழையாமல் கொஞ்சம் கோணலாக நுழையும். நூறு மீட்டரில் அந்தக் கோணல் உள்ளங்கை அகலமாகிவிடும். ஆனால் வரைபடம் அந்த இடத்தை அனுமதிக்கிறது. ஏன் அனுமதிக்கிறது?

அதற்குப் பதில் அவள் வீட்டிலேயே இருந்தது. மாலை லாரியைக் கழுவிக்கொண்டிருந்த கணவரிடம் கேட்டாள். அவர் குழாயை நிறுத்திவிட்டு, ஏதோ சின்னப்பிள்ளை கேள்வி கேட்ட மாதிரி பார்த்தார்.

"இடம் விடாம என்ன பண்றது? இடுப்பளவு சேத்துல நடந்து போவோம். தோட்டா மேல மண்ணு, துரு, நசுங்கல் எல்லாம் இருக்கும். குழல் சூட்டுல கொதிக்கும். அப்பவும் உள்ள போகணும், வெடிக்கணும், வெளிய வரணும். இறுக்கமா இருந்து ஒண்ணு சிக்கிக்கிச்சுன்னா நான் இன்னிக்கு உன் முன்னாடி லாரி கழுவிக்கிட்டு இருக்கமாட்டேன். நாணயத்துல ஓட்டை போடறதுக்கா எங்களை அனுப்புனாங்க?"

"நீங்க இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீ முன்னாடியே கேட்டிருக்கலாம்ல?"

மறுநாள் பெரியவன் வரைபடத்தையும் சின்னவன் வரைபடத்தையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். கத்திக் கொக்கி இல்லை, மூன்றாம் நிலை இல்லை, குப்பி இல்லை. நாங்கள் எல்லோரும் அறிந்த கழித்தல்கள் எல்லாம் இருந்தன. ஆனால் குழலுக்கான தாளில் தலைப்பை மட்டும் மாற்றி, எண்களை அப்படியே இறக்கியிருந்தார்கள். பெரியவனுக்கு உயிர் காக்கிற தளர்ச்சி சின்னவனுக்கு வெறும் தளர்ச்சியாக வந்து உட்கார்ந்திருந்தது. எதை எடுக்கவேண்டும் என்று யோசித்தவர்கள், எதை மாற்றவேண்டும் என்று யோசிக்கவில்லை.

அவள் ஃபோர்மேனிடம் போனாள். அவருக்கு ஓய்வு பெற நாலு வருடம் பாக்கி. புதுசாக எதையும் தொடாமல் அந்த நாலு வருடத்தைத் தாண்டிவிட வேண்டும் என்று இருந்தவர்.

"அண்ணே, சின்னவனோட தோட்டா அறையைக் கொஞ்சம் இறுக்கணும். அதுக்குத் தனி ரீமர் வேணும்." ரீமர் என்பது அந்த அறையைக் கடைந்தெடுக்கும் வெட்டுக்கருவி.

"ஏம்மா, பெரியவன் சட்டையே சின்னவனுக்குப் போதாதா? முப்பது வருஷமா அதே ரீமர்தான்."

"போதுது அண்ணே. தொளதொளன்னு இருக்கு."

"நீ பாஸ் போட்ட துப்பாக்கிதானே அது?"

"ஆமா. அதனாலதான் கேட்கிறேன்."

ஃபோர்மேன் கையிலிருந்த எண்ணெயைத் துடைத்தார். முப்பது வருடத்தில் 'நான் பாஸ் போட்டது தப்பு' என்று ஒரு பரிசோதகர் வாயிலிருந்து அவர் கேட்டதே இல்லையாம். மேலாளரிடம் அவரும் கூடவே வந்தார். மேலாளர் நீல ரப்பர்த் தோட்டாவை விரலில் உருட்டிப் பார்த்தார். "பல் டாக்டரா? பல் டாக்டரா?" என்று இரண்டு தடவை கேட்டார். கடைசியில் ஐந்து குழல் மட்டும் செய்து பார்க்க அனுமதித்தார்.

மைக்ரானிடம் அளவைச் சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வாள்? தோட்டாவைச் சுற்றி முடிப் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு இடம்தான் விட்டாள். ஃபோர்மேன் தானே கடைசலில் நின்று ஐந்து குழலையும் முடித்தார். டாக்டர் வந்து சுட்டார். ஐந்து குண்டும் ஒரு பெரிய நாணயத்தில் அடங்கிவிடும், அவ்வளவு நெருக்கம். டாக்டர் கையைத் தட்டினார். ஃபோர்மேன் அந்த இலக்குத் தாளைக் கிழித்தெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஆனால் சோதனைக்கு இன்னொருவரையும் கூப்பிட்டிருந்தோம். பழத்தோட்டக்காரர் ஒருவர். பன்றி விரட்டச் சின்னவனை வாங்கியவர். அவர் எங்கள் தளத்துத் தோட்டாவைத் தொடவில்லை. தன் வீட்டுக் கொட்டகையில் தகர டப்பாவில் கிடந்ததையே கொண்டுவந்திருந்தார். முதல் மூன்று போனது. நாலாவது பாதியில் நின்றது. அவர் தள்ளிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், நகரவில்லை. பத்தில் மூன்று இப்படி மக்கர் பண்ணியது.

"டாக்டரம்மாவுக்குச் சரி. அவங்களுக்கு எதிர்ல இருக்குறது காகிதம், அது ஓடாது. எனக்குப் பன்றி நிக்குமாம்மா?" என்றார் தோட்டக்காரர்.

மைக்ரானின் கணவர் தடுப்புக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவளுக்குக் காது சிவந்தது. இருந்தாலும் தோட்டக்காரரிடம் அந்தத் தகர டப்பாவை வாங்கிக்கொண்டாள். அதிலிருந்த தோட்டா ஒவ்வொன்றையும் ஒரு வாரம் உட்கார்ந்து அளந்தாள். அதுவரை அவள் புத்தம் புதிய, பளபளப்பான தோட்டாக்களை மட்டுமே அளந்தவள். ஈரத்தில் கிடந்தது, பச்சை பூத்தது, டப்பாவில் உருண்டு நசுங்கியது, இவற்றுக்கெல்லாம் எவ்வளவு இடம் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினாள். சேற்றில் நடக்கிற வீரனுக்கும் காகிதத்தைப் பார்த்துச் சுடுகிற டாக்டருக்கும் நடுவே இந்த மனிதர் இருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. புதுக் கணக்குப்படி இடத்தைப் பன்னிரண்டு மைக்ரான் கூட்டினாள்.

ஃபோர்மேன் நம்பாமல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அஞ்சுக்கே அழிச்சாட்டியம் பண்றவ பன்னெண்டு விட்டுக் குடுக்குறாளே! எங்க பிரிவுக்கு இந்த மனசு கிடையாதா?"

"உங்க சாமான் கொட்டகையில கிடந்துட்டு வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

இரண்டாவது ஐந்து குழலில் தோட்டக்காரரின் டப்பா முழுக்கத் தடையில்லாமல் போய் வந்தது. டாக்டரின் ஐந்து குண்டும் தேநீர்க் கோப்பையின் வாய்க்குள், கொஞ்சம் இடம் மிச்சம் வைத்தே விழுந்தன. "முதல் தடவை இதைவிட நல்லா இருந்துச்சு" என்று டாக்டர் முணுமுணுத்தார். "ஆனா இது போதும். மத்ததுக்கு நான் மூச்சைப் புடிச்சுச் சுடறேன்."

இரண்டு மாதத்துக்குள் சின்னவனுக்கென்று தனிக் குழல் வரைபடம் வந்தது. தனி ரீமர், தனி எஃகு உருளைகள், தனிப் பரிசோதனைத் தாள். விளம்பரத்தில் 'அதே துப்பாக்கி' போய், 'அதே வம்சம்' என்று வந்தது. அந்த வார்த்தையைக் கொடுத்தது நான்தான் என்பதை இங்கே சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வரைபடத்தின் மூலையில், திருத்தம் செய்தவர் என்ற கட்டத்தில் மைக்ரானின் கையெழுத்து இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்தால் படிக்கலாம். முன்பே விற்ற துப்பாக்கிகளின் குழல்களை, கேட்டவர்களுக்கெல்லாம் ஆலையே மாற்றிக் கொடுத்தது.

அந்த வருடப் போட்டியில் டாக்டர் ஏழாவதாக வந்தார். முந்தைய வருடம் பதினொன்று. எங்களுக்கு எழுதிய கடிதத்தில் ஏழு என்ற எண்ணை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார். மைக்ரான் அதை அறைச் சுவரில் ஒட்டினாள். வெயிலுக்கு ஒதுங்க வருகிறவர்கள் அதைப் படிப்பதையே காரணமாக வைத்துக்கொண்டு கூடுதலாக ஐந்து நிமிடம் நின்றார்கள்.

பிறகு இரண்டு பேருக்கும் நல்ல பழக்கம் ஆகிவிட்டது. மைக்ரானின் கடைவாய்ப் பல் உடைந்தபோது அந்த டாக்டரிடம்தான் போனாள். தொப்பி மாட்டி முடித்ததும், வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "எவ்ளோ இடம் விட்டிருக்கீங்க?" என்று கேட்டாளாம். "கடிச்சுப் பாரு, பாஸா ஃபெயிலா சொல்லு" என்றாராம் டாக்டர்.

கணவர் சின்னவனைப் பற்றிய கருத்தை முழுசாக மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சுடுதளத்தில் புதுக் குழலை ஒருமுறை சுட்டுப் பார்த்து, தாளை எடுத்துவரச் சொல்லி, ஐந்து ஓட்டைகளையும் விரலால் மூடிப் பார்த்தார். நாலு விரல் தேவைப்படவில்லை, மூன்றே போதும். "நான் இவ்ளோ நல்லாவா சுடுவேன்? இருபது வருஷமா எனக்கே தெரியாதே" என்றார். வீடு போகும் வரை லாரியில் அதையே பேசிக்கொண்டு வந்தாராம். மைக்ரான் குறுக்கே பேசாமல், ஜன்னல் பக்கம் கையை வைத்துக் காற்று வாங்கிக்கொண்டு, கேட்டுக்கொண்டே வந்தாள்.

போன வாரம் டாக்டரிடமிருந்து இன்னொரு கடிதம் வந்திருக்கிறது. விசை கனமாக இருக்கிறதாம். ஓடிக்களைத்த வீரன் தெரியாமல் அழுத்திவிடக் கூடாது என்று வைத்த கனம், நிதானமாகப் படுத்துச் சுடுகிறவருக்கு எதற்கு என்று கேட்டிருக்கிறார். மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மைக்ரான் கடிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, இரண்டு தரம் படித்தாள். "நியாயமான கேள்வி" என்று சொல்லிவிட்டு, விசையின் இரண்டு வரைபடங்களையும் எடுத்துவரச் சொல்லி ஃபோர்மேனுக்கு ஆள் அனுப்பினாள்.